இழை சிக்காத பலகை

எங்கள் வீட்டில் ஒரு வண்டி இருந்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் என்ன மாடல் என்று கேட்கிறார்கள். உங்களிடம் சொன்னால் அந்தக் கேள்வி வராது. நீங்களும் என்னைப்போல அறுபதைத் தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள். எழுபதுகளின் நடுவில் ஆரணியில் ஒரு நெசவுக்காரத் தெருவுக்குள் சொந்த வண்டி நுழைந்தால் அது என்ன மாடல் என்று எவனும் கேட்கமாட்டான். ஏன் வாங்கினாய் என்றுதான் கேட்பான்.

எங்கள் அப்பாவிடமும் அதைத்தான் கேட்டார்கள். அதற்கு அவர் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார். கால் வலி என்று ஒருவரிடம், மச்சான் ஆசைப்பட்டான் என்று இன்னொருவரிடம். உண்மைக் காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாவது முடித்திருந்தேன்.

விஷயம் இதுதான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்யும் பட்டுச்சேலைக்குத் தறியில் ஓர் ஆள் போதாது. நெய்கிறவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இடப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் வைத்த நாடாவை, அந்தச் சின்ன மர ஓடத்தை, தள்ளிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைதான். எட்டு வயதிலிருந்து பள்ளிக்கு முன்னால் கொஞ்ச நேரம், பள்ளி விட்டு வந்து கொஞ்ச நேரம் என்று நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஆறாவது படிக்க வேண்டுமென்றால் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்ப முடியும். அப்புறம் கரைக்கு யார் உட்காருவது?

"நான் தறிய வுட்டு எழுந்துட்டேன்னா நீயும் எழுந்துக்கலாம் பாப்பா. வண்டி ஓடட்டும், நீ ஸ்கூலுக்குப் போ" என்றார் அப்பா. எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து அந்த வண்டிதான் சாமி.

அம்மாவுக்கு வண்டி பிடிக்கவில்லை. "வண்டி ஓடலன்னா நீதான் முழு நேரமும் கரைக்கு உக்காரணும், தெரியுமில்ல?" என்று என்னிடம் அடிக்கடி சொன்னாள். அவள் என்னை மிரட்டுகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அது மிரட்டல் இல்லை, பயம் என்று புரிய எனக்கு ஒரு பெண் பிறந்து அவள் பத்து வயதைத் தொட வேண்டியிருந்தது.

வேலூரில் ஏதோ ஓர் ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் அது. அம்மாவின் தம்பி, என் மாமா, லாரியில் கிளீனராக இருந்து டிரைவரானவர். அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம். பின்னால் இருந்த இரும்புத் தொட்டியின் அடிப்பாகம் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தது. பொத்தலில் கால் போய்விடாமல் ஓரத்து இரும்பில் இரண்டு பாதத்தையும் அகட்டி வைத்துக்கொண்டு, கேபினைப் பிடித்தபடி அப்பா வேலூரிலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறார். முன்னால் உட்கார இடம் இருந்தது. புது வண்டியைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வர ஆசை என்றார்.

வண்டி தெருமுனைக்கு வந்த நேரம் தெருவின் முழு நீளத்துக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். ஒரு சேலைக்கான பட்டு இழை முழுவதும் கோல்களின்மேல் விரிந்து கிடக்கும்போது சைக்கிள்கூட உள்ளே வராது. அதனால் எங்கள் சொந்த வண்டி எங்கள் சொந்தத் தெருவுக்கு வெளியே ஒரு மணி நேரம் காத்து நின்றது. மாமா ஹாரனை அழுத்தினார். பாவில் இழை பிணைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலேயே, "இன்னாடா அவசரம்? இங்க இன்னா ரயிலா போவுது?" என்றார்.

பாவைச் சுற்றி எடுத்த அதே கைகள்தான் பிறகு வந்து தொட்டியைத் தூக்கின. அதற்குமுன் துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றுவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வெல்டிங் கடை பாய் தன் கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். மாமா பக்கத்தில் நின்று அவசரப்படுத்த, "ஜல்தி ஜல்தின்னா இரும்புக்குக் காது கேக்குமா தம்பி? தள்ளி நில்லு, கண்ணுல பொறி பட்டா அப்பால பேஜாரு" என்றார் பாய். எட்டுப் பேர் தூக்கித் தொட்டியைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கோடை முழுக்க அது தெருப்பிள்ளைகளின் வீடாக இருந்தது. பிறகு அம்மா அதில் விறகு அடுக்கினாள். அப்புறம் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

தொட்டி போன வண்டியைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. முன்னால் கேபின், பின்னால் இரண்டு நீள இரும்புச் சட்டம், அவ்வளவுதான். அதன்மேல் மரத்தில் ஒரு தட்டுப் பலகை செய்ய வேண்டும். சுற்றிலும் அடைப்பு வேண்டாம், மூன்று பக்கமும் திறந்திருந்தால்தான் மூட்டை ஏற்ற இறக்கச் சுலபம் என்று அரிசி மில்காரர் சொல்லியிருந்தார். அவருடைய மூட்டைகளைக் கண்ணமங்கலம் கடைகளுக்குத் தினமும் கொண்டுபோகும் வேலை கிடைத்தால் இரண்டு குடும்பமும் பிழைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஆசாரியை வைத்துச் செய்யலாம் என்றார் மாமா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தன் தறிக்கு உடைந்த பாகத்தையெல்லாம் தானே செய்து போட்டவர் அவர். "தறிய விடவா இது கஷ்டம்?" என்றார்.

மரவாடியிலிருந்து வாகைப் பலகை வந்தது. இடித்த வீடு ஒன்றிலிருந்து உத்திரக் கட்டை வந்தது. மாமா அடி டேப்பால் அளந்தார். அப்பா முழங்கையால் அளந்து, "அஞ்சர முழம்" என்றார். இரண்டும் ஒத்துப்போகாமல் அரைநாள் வாக்குவாதம். அப்பாவின் அளவுதான் சரியாக இருந்தது. இரும்புக்கும் கட்டைக்கும் நடுவில் பழைய லாரி டயரை வெட்டித் துண்டு துண்டாக வைத்தார்கள். கட்டையைச் சட்டத்தோடு சேர்த்து யூ போல்ட் போட்டு இறுக்கினார்கள். அதன்மேல் பலகைகள். வேப்பமரத்து நிழலில் புது மரத்தூள் வாசனை, டயர் ரப்பர் வாசனை, மாமாவின் பீடி எல்லாம் கலந்து அடிக்கும். இப்போதும் மரவாடிப் பக்கம் போனால் யாரும் பீடி பற்றவைக்கவில்லையே என்று இருக்கிறது.

பலகை பொருத்தியதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நெசவுக்காரர் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த மரத்திலும் சிலாம்பு இருக்கக்கூடாது. துளி சிலாம்பு போதும், இழை மாட்டும், அறும், ஒரு நாள் உழைப்பு போகும். அப்பா முப்பது வருஷம் அந்த மரங்களைத் தடவியே வளர்ந்தவர். சொரசொரப்பான பலகையை அவர் கை பொறுத்துக்கொள்ளாது. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைஸ் தாள், பிறகு உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டல். போல்ட்டுத் தலைகள் மேலே துருத்திக்கொண்டிருந்தன. குழி பறித்து அவற்றை மரத்துக்குள் இறக்கினார்.

"மாமா, இது மேல மூட்ட போவப் போவுது. சேல இல்ல" என்றார் என் மாமா, அப்பாவிடம்.

"மூட்டன்னா கிழியாதா? சாக்கும் நூல்தானடா" என்றார் அப்பா.

எனக்கு அப்பா சொன்னது மிகவும் சரியாகப் பட்டது.

என் வேலை சோதனை பார்ப்பது. கழிவுப் பட்டு இழை ஒன்றை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பலகையின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கே சிக்குகிறதோ அங்கே சுண்ணாம்பால் ஒரு புள்ளி. அப்பா வந்து அந்த இடத்தைத் தேய்ப்பார். முதல் நாள் பலகை முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளி. நாளாக நாளாகக் குறைந்தது. சில இடங்களில் சிக்காமலேயே நான் புள்ளி வைத்ததும் உண்டு. அப்பா தேய்த்துக்கொண்டே என்னிடம் பேசுவார், அதற்காக. இருபது நாள் அந்த வேலை செய்தேன். நான் எவ்வளவு ஒழுங்காகப் பார்க்கிறேனோ அவ்வளவு சீக்கிரம் ஆறாவது வகுப்பு என்று மனசுக்குள் ஒரு கணக்கு. கடைசியில் இழை ஓர் இடத்திலும் நிற்காமல் ஓடியது. அப்பா கடலை எண்ணெயைத் துணியில் தொட்டு மூன்று தடவை பூசினார். பலகை தேன் நிறத்துக்கு வந்தது. தெருவே வந்து தடவிப் பார்த்தது. "படமரம் கெட்டுது போ" என்றார் ஒருவர். நெய்த சேலையைச் சுற்றிவைக்கும் மரம் அது. எங்கள் தெருவில் ஒரு மரத்துக்கு அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது.

ஒருநாள் வெயிலில் வடகம் காயவைக்க அம்மா அதன்மேல் ஏறினாள். ஏறின வேகத்தில் கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். வடக மாவுச் சட்டி தெருவில் உருண்டது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

"இன்னாங்க இது, இந்த வழுக்கு வழுக்குது!" என்றாள் அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"வழுக்கணும். அதானே வேலை" என்றார் அப்பா. பெருமை முகத்தில் கொள்ளவில்லை.

இத்தனை வருஷம் கழித்து நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. அம்மா இடுப்பில் அடிபட்டுச் சொன்ன ஒரு வார்த்தையை அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. மில்காரர் சோதனைச் சவாரி ஒன்று கொடுத்தார். "பன்னண்டு மூட்ட அரிசி. கண்ணமங்கலத்துக் கடையில எறக்கிட்டு வாங்க. நல்லபடியா போச்சின்னா தெனமும் உங்க வண்டிதான்" என்றார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். நானும் வருவேன் என்று அழுததால் முன்னால் இருவருக்கும் நடுவில் உட்கார்த்திக்கொண்டார்கள்.

மில்லில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு ஒரே குஷி. ஓரத்தில் மூட்டையை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் அது தானாகவே கேபின் வரைக்கும் போய் நின்றது. "அண்ணே, எல்லா வண்டியும் இப்பிடி இருந்தா எங்களுக்கு முதுகுவலியே வராதுண்ணே. வெண்ண கணக்கா போவுது" என்றார்கள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூட்டைகளின் மேலே கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள்.

சமதரையில் வண்டி நன்றாகத்தான் போனது. கண்ணமங்கலத்துக்குப் போகிற வழியில் ஓர் ஓடை, அதன்மேல் தரைப்பாலம். பாலத்தில் இறங்கி எதிர்மேட்டில் ஏறினோம். மாமா கியர் மாற்றினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. நான் கேபினின் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு தளர்ந்தது. கடைசி வரிசை மூட்டை ஒன்று மெல்ல நகர்ந்து பின்பக்கமாக இறங்கியது. அதன்பின் ஒன்று, அதன்பின் ஒன்று. திருவிழா பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குவதுபோல அவசரமில்லாமல் வரிசையாக இறங்கின. எனக்குக் கத்தத் தோன்றவில்லை. ஐந்தாவது மூட்டை விழுந்த பிறகுதான், "அப்பா, மூட்டைங்க போவுதுப்பா" என்றேன்.

மாமா வண்டியை நிறுத்தினார். மூன்று மூட்டை வெடித்துச் சாலை முழுக்க வெள்ளை வெளேரென்று அரிசி. பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கி வந்து அள்ளினார்கள். சாக்குக்குள் போட்டவர்களும் உண்டு, மடியில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஓடைப்பக்கம் மேய்ந்த ஆடுகள் யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்தன. மாமா கயிறு கட்டியவர்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா திட்டவில்லை. வலிக்கும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அரிசி வாரினார். பிறகு எழுந்து வண்டியின் பின்னால் போய் நின்றார். பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார். மிச்சமிருந்த மூட்டை ஒன்றை ஒற்றை விரலால் தள்ளினார். நூறு கிலோ மூட்டை, மேட்டில் நின்ற வண்டியில், சொன்னபடி கேட்டு அரையடி நகர்ந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நல்லா பாத்துருக்க பாப்பா. ஒரு எடம்கூட வுடல நீ" என்றார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன். இல்லை. அவருக்குக் கேலி பேசத் தெரியாது. தன் பிழைப்பு சாலையில் கொட்டிக் கிடக்கும்போது, வேலை நன்றாக இருந்தது என்பதை மட்டும் அந்த மனிதர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இது புரிந்தபோது சொல்லிக்கொள்ள அவர் இல்லை.

ஓடையிலிருந்து ஈர மணலை வாரிப் பலகைமேல் கொட்டினோம். விழுந்தும் வெடிக்காத இரண்டையும் தூக்கி ஏற்றினோம், மூட்டைகள் அசையாமல் நின்றன. ஒன்பது மூட்டை கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தது. அள்ளிய அரிசியைக் கடையில் தள்ளிவிடலாம் என்றார் மாமா. "மண்ணு கலந்துகினு கீது, அத்த எப்பிடிக் குடுக்கறது?" என்று அப்பா திருப்பிக் கொண்டுவந்து மில்காரர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார். மில்காரர் நல்ல மனிதர்தான். நஷ்டத்தைக் கேட்கவில்லை. சத்தமும் போடவில்லை. "நீங்க பட்டு வேலைக்காரங்க. மூட்ட வேற மாதிரி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு கூப்பிடவேயில்லை.

மறுநாள் அப்பா உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டிமேல் ஏறி உட்கார்ந்தார். இருபது நாள் வழவழப்பாக்கிய பலகையை அம்மி கொத்துவதுபோல் கொத்த ஆரம்பித்தார். குறுக்குக் குறுக்காக வெட்டு. மூன்று நாள் அந்தச் சத்தம் கேட்டது. தடவிப் பார்த்துப் பாராட்டிய தெரு, தலையைக் குனிந்துகொண்டு போனது. கேபினை ஒட்டிய முதல் பலகைக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. அது அவர் முதன்முதலில் தேய்த்தது. நான் முதன்முதலில் இழை ஓட்டியது. அதைக் கொத்தாமல் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டு அங்கே வேறொரு முரட்டுப் பலகையைப் போட்டார். வண்டியை மாமாவிடம் கொடுத்தார். செங்கலும் வைக்கோலும் ஏற்றி மாமா தன் குடும்பத்துக்கு மட்டும் சம்பாதித்தார். இரண்டு குடும்பத்துக்கு அது போதவில்லை.

அப்பா முள்ளிப்பட்டுக்குப் போய்த் நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளியைப் பார்த்துச் சேலைக்குப் பாவும் நூலும் வாங்கிவந்தார். கரை போட்ட சேலை. அதில்தான் கூலி கொஞ்சம் கூட. கரைக்கு இனி நான்தான். சொல்ல என்ன இருக்கிறது? எனக்கும் கணக்குத் தெரியும்.

பள்ளி திறக்கும் நாள் காலையில் நானாகவே குளித்துவிட்டுத் தறிக்குப் போய், இடப்பக்கம் என் இடத்தில் உட்கார்ந்தேன். புதுப்பை ஒன்று மாமா வாங்கிக் கொடுத்திருந்தார். அது ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்கக்கூடாது என்று கரை இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்தாள். அவள் காலையும் மாலையும் ராட்டை சுற்றித் தெருவில் மூன்று வீட்டுக்கு நூல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அன்றைக்கு அவள் கையில் அந்தத் தேன் நிறப் பலகையின் துண்டு ஒன்று இருந்தது. ரம்பத்தால் அறுத்தது.

"எழுந்துரு" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. புரியவில்லை.

"எழுந்துருடி. உன் எடம் எனக்குப் பத்தாது. பலக போட்டுக்கணும்."

அப்பா தறிக்குள் உட்கார்ந்தபடி அவளைப் பார்த்தார். "ராட்டை?" என்றார்.

"விடியறதுக்கு முன்னாடி சுத்திக்கறேன்."

"அந்தப் பலக வழுக்கும்டி" என்றார் அப்பா.

"வழுக்கினா வழுக்கட்டும். நா ஒண்ணும் மூட்ட இல்ல" என்றாள் அம்மா.

வண்டி வந்த நாளிலிருந்து அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததெல்லாம் வண்டிக்கு எதிராக இல்லை. வண்டி ஓடாவிட்டால் என்ன செய்வது என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பள்ளியை முடிக்கும்வரை, அப்புறம் வேலைக்குப் போகும்வரை, ஒன்பது வருஷம் அவள் அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். என் சின்னக் கைக்காக ஒதுக்கிய இடத்தில் அவளுடைய பெரிய கையை ஒடுக்கி ஒடுக்கி நாடாவைத் தள்ளினாள். அந்தப் பலகையும் இப்போது இல்லை. வீட்டை விற்றபோது தேடினேன், கிடைக்கவில்லை.

அன்று காலையில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா பலகையைப் போட்டாள். பழக்கதோஷம், நான் கீழே கிடந்த ஓர் இழையை எடுத்து அதன்மேல் ஓட்டினேன். மேலே ஓடியது. அறுத்த ஓரத்துக்கு வந்ததும் நின்றது.

"இங்க சிக்குதுப்பா" என்றேன். "அம்மாவுக்குக் குத்தும்."

அப்பா தறியிலிருந்து கையை நீட்டி உப்புத்தாளை எடுத்தார். நான் ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.